கிளி செய்த குற்றம் என்ன? சிறுவர் மாயக்கதைகளில் குறியீடும் விளையாட்டும்

 

இன்றைய உரைக்குரிய பொருளை நமக்குத் தந்தவள் இவ்வட்டாரத் தோட்டப்பள்ளி ஒன்றில் மூன்றாம் ஆண்டில் படித்த ஒரு சிறுமி. அப்பள்ளிக்கு ஒருநாள் கதை சொல்லச் சென்றிருந்தோம். நாம் சொன்னது நீங்கள் அனைவரும் அறிந்த கதை. ஒரு மந்திரவாதி இளவரசியைக் கவர்ந்து செல்கிறான். அவனை எந்த வாளும் வெட்டுவதில்லை. ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி, ஒரு மரப்பொந்தில் இருக்கும் கூண்டுக்குள் ஒரு கிளி இருக்கிறது. அக்கிளிக்குள் அவன் உயிர் இருக்கிறது. கடைசி இளவரசன் அங்கே சென்று கிளியின் சிறகைப் பிடுங்குகிறான். மந்திரவாதியின் கை விழுகிறது. காலை முறிக்கிறான், கால் விழுகிறது. கழுத்தைத் திருகுகிறான், கதை முடிகிறது.

பிள்ளைகள் கைதட்டினார்கள். பின்வரிசையில் இருந்த அச்சிறுமி மட்டும் கைதட்டவில்லை. எழுந்து நின்று, “சார், அந்தக் கிளி என்ன தப்பு பண்ணுச்சு?” என்று கேட்டாள்.

நம்மிடம் விடை இல்லை. அதற்குள் முன்வரிசையிலிருந்து ஒரு மாணவன், “இது ஹாரி பாட்டர் கதைதானே சார்? அதைப் பார்த்துத்தானே சொல்றீங்க?” என்றான். அவன் கேலியாகச் சொல்லவில்லை. மாயம் என்பது ஆங்கிலப் புத்தகத்தில் இருப்பது. தமிழ் என்பது கட்டுரையும் கருத்துணர்தலும் பயிற்சி நூலும் என்று அவன் மெய்யாகவே நம்பியிருந்தான்.

இவ்விரு பிள்ளைகளுக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம். அவர்களுக்கு அன்று சொல்ல இயலாத விடையைத் தேடிய முயற்சியே இவ்வுரை.

வேறிடத்தில் வைக்கப்பட்ட உயிர்

முதலில் அம்மாணவனின் கேள்வியை எடுத்துக்கொள்வோம். ஜே. கே. ரௌலிங் எழுதிய ஹாரி பாட்டர் வரிசையின் முதல் நூல் 1997ஆம் ஆண்டிலும் ஏழாம் நூல் 2007ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. அதில் வரும் வால்டமோர்ட் என்னும் கொடியவன் சாவுக்கு அஞ்சுகிறான். தன் ஆன்மாவைத் துண்டுகளாக்கி, ஒரு நாட்குறிப்பிலும் மோதிரத்திலும் பதக்கத்திலும் கிண்ணத்திலும் மணிமுடியிலும் பாம்பிலும் ஒளித்து வைக்கிறான். அவ்வாறு ஒளித்து வைத்த பொருளை அந்நூல் ஹார்க்ரக்ஸ் என்று அழைக்கிறது. ஆன்மா ஏழு கூறாக இருக்கவேண்டும் என்பது அவன் கணக்கு. நம் கதையில் ஏழு கடல், ஏழு மலை. அங்கே ஏழு துண்டு.

இவ்வொற்றுமை தற்செயலானதன்று. இதனை நாட்டார் கதை ஆய்வாளர்கள் ‘புறத்தே வைத்த உயிர்’ என்னும் கதைக்கூறாக நெடுங்காலமாக அறிவார்கள். 1868ஆம் ஆண்டில் மேரி ஃபிரியர் என்னும் ஆங்கிலேயப் பெண்மணி, தம் வீட்டுப் பணிப்பெண்ணான அன்னா லிபரட்டா டி சூசா சொன்ன தக்காணக் கதைகளைத் தொகுத்து நூலாக வெளியிட்டார். அந்நூலில் பஞ்ச்கின் என்னும் மந்திரவாதியின் உயிர் ஒரு சிறு பச்சைக்கிளியில் இருக்கிறது. உருசிய நாட்டுக் கதையில் கோஷே என்பவனின் சாவு ஓர் ஊசிமுனையில் இருக்கிறது. ஊசி முட்டைக்குள், முட்டை வாத்துக்குள், வாத்து முயலுக்குள், முயல் பெட்டிக்குள். ஜேம்ஸ் ஃபிரேசர் தம் ‘பொற்கிளை’ என்னும் பெருநூலில் பல நாடுகளிலிருந்து இத்தகைய கதைகளைத் திரட்டிக் காட்டியிருக்கிறார்.

ஆகவே அம்மாணவனுக்கு நாம் சொல்லவேண்டியது இதுவே: தம்பி, உன் பாட்டி இந்த ஆங்கில நூலைப் பார்த்துக் கதை சொல்லவில்லை. நூலாசிரியர் உன் பாட்டியைக் கேட்டு எழுதவும் இல்லை. இருவரும் ஒரே பழைய ஆற்றில் நீர் மொண்டவர்கள்.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். ‘எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது’ என்று மார்தட்டிக்கொள்வதோடு நின்றுவிட்டால் நாம் எதையும் கற்கவில்லை. ஒரு கதைக்கூறு எங்கே பிறந்தது என்பதைவிட, அதைச் சொன்னவர்களுக்கும் கேட்டவர்களுக்கும் அது எதைக் குறித்தது என்பதே பெரிய கேள்வி.

தோட்டத்தில் இக்கதைகளைச் சொன்னவர்கள் யார்? விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, நண்பகல்வரை பால்மரம் வெட்டி, பால் வாளி சுமந்து வந்தவர்கள். ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட மூதாட்டிகள். அவர்களுள் பலருக்கு ‘கடல் தாண்டி’ என்பது வெறும் சொல்லலங்காரமாக இருந்திருக்க இயலாது. 1926இல் கட்டப்பட்ட ரஜூலா போன்ற கப்பல்களின் தளத்தில் படுத்து வங்கக்கடலைக் கடந்து வந்தவர்கள் அவர்கள். தாய் ஓரிடம், பிள்ளை ஓரிடம். உடல் லயத்து வீட்டில், உயிர் பிறந்த ஊரில். உயிரை வேறிடத்தில் வைத்து வாழ்வது எப்படி என்பதை அவர்களுக்கு மந்திரவாதி கற்றுத்தர வேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு. மேட்டின்மேல் பங்களா, கீழே வரிசையாய் லயம், சுற்றிலும் காடு. அந்த உலகில் வளர்ந்த குழந்தைக்கு, எவராலும் அசைக்க இயலாத பெரிய மனிதர் என்பவர் நாள்தோறும் காணும் உண்மை. அக்குழந்தையின் காதில், ‘அவன் வலிமை அவனிடம் இல்லை, வேறெங்கோ, ஒரு சின்னஞ்சிறு பொருளில் இருக்கிறது, தேடினால் கிடைக்கும், தேடிச் செல்பவன் எல்லாருக்கும் இளையவன்’ என்று சொன்ன கதை எத்தகைய கதை! குறியீடு என்று நாம் வகுப்பறையில் விளக்குவது இதைத்தான். வெளிப்படையாகச் சொன்னால் தண்டனை கிடைக்கும் ஓர் உண்மையைக் கிளிக்கூண்டுக்குள் வைத்துப் பிள்ளையிடம் கொடுப்பது.

பிடாசாரியின் மீன்

இதே கதைக்கூறு நம் அண்டை வீட்டிலும் இருக்கிறது. மலாய்ச் செய்யுள் இலக்கியத்தில் பெயர்பெற்ற ‘சாயிர் பிடாசாரி’ என்னும் கதையில், பிடாசாரி என்னும் பெண்ணின் உயிர் ஒரு மீனோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. அவளுடைய அழகைக் கண்டு பொறாமை கொண்ட அரசி அம்மீனைக் கைப்பற்றித் தன் கழுத்தில் அணிந்துகொள்கிறாள். அதனால் பகல் முழுதும் பிடாசாரி பிணம்போல் கிடக்கிறாள். இரவில் மட்டும் உயிர்பெற்று எழுகிறாள்.

வேறுபாட்டைக் கவனியுங்கள். கிளிக்கதையில் உயிரை ஒளித்து வைத்தவன் கொடியவன். மீன்கதையில் உயிர் வெளியே இருப்பது குற்றமற்ற பெண்ணுக்கு. முன்னதில், பிறர் உயிரின் இரகசியத்தை அறிவது வெற்றி. பின்னதில், அதை அறிந்து கைப்பற்றுவது கொடுமை. ஒரே கதைக்கூறு, இரு வேறு பொருள். நம் மாணவர்கள் மலாய்மொழிப் பாடத்தையும் தமிழ்மொழிப் பாடத்தையும் அருகருகே படிப்பவர்கள். இவ்விரு கதைகளையும் ஒரே நாளில் சொல்லி, ‘எது யாருக்கு நடந்தது?’ என்று கேட்டுப் பாருங்கள். ஒப்பிலக்கியம் என்னும் பெரும்பெயரைச் சொல்லாமலே ஒப்பிலக்கியம் அங்கே நடந்துவிடும்.

கோடு கிழித்தபின் தொடங்கும் உலகம்

இனி விளையாட்டு. சிறுவர் மாயக்கதைகளில் விளையாட்டு ஏன் இத்துணை இடம் பெறுகிறது? டச்சு நாட்டு வரலாற்றறிஞர் ஹூய்சிங்கா 1938ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதற்கு ஒரு திறவுகோல் தந்தார். விளையாட்டு என்பது எல்லை வகுத்த இடத்தில், தனக்கெனச் சட்டம் வகுத்துக்கொண்டு நடப்பது என்றார் அவர். தரையில் கட்டம் கிழித்து நொண்டியாடும் பிள்ளைக்கு இது தெரியும். கோட்டுக்கு வெளியே அது வெறும் மண். கோட்டுக்கு உள்ளே காலூன்றினால் ஆட்டம் போயிற்று. மாயக்கதையும் அப்படியே. ‘ஒரே ஒரு ஊரில்’ என்றவுடன் ஒரு கோடு விழுகிறது.

விக்கிரமாதித்தன் கதையை எண்ணுங்கள். வேதாளம் கதை சொல்லும். இறுதியில் வினா எழுப்பும். விடை தெரிந்தும் வாய் திறவாவிட்டால் தலை சுக்குநூறாகும். திறந்தால் வேதாளம் மீண்டும் முருங்கைமரம் ஏறும். இது கதையின் வடிவில் அமைந்த ஒரு விளையாட்டு. 1947இல் தொடங்கிய ‘அம்புலிமாமா’ இதழ் வழியாக இவ்விளையாட்டைத் தலைமுறை தலைமுறையாக ஆடியவர்கள் நாம். விடுகதையைத் தொல்காப்பியர் ‘பிசி’ என்று பெயரிட்டு, பாட்டு, உரை, நூல் முதலிய எழுவகை யாப்பினுள் ஒன்றாகச் செய்யுளியலில் வைத்திருக்கிறார். புதிர் விடுப்பதைப் பாட்டுக்கு இணையான வரிசையில் வைத்த மரபு நம் மரபு. பிள்ளைத்தமிழோ குழந்தையின் வளர்ச்சியையே விளையாட்டால் அளக்கிறது. ஆண்பாலுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பாலுக்குக் கழங்கு, அம்மானை, ஊசல் என்று பருவங்கள் விளையாட்டில் வந்து நிறைவுறுகின்றன.

மேலைநாட்டு மாயக்கதைகளிலும் ஆட்டப்பலகை அடிக்கடி வருகிறது. லூயிஸ் கரோல் 1871இல் வெளியிட்ட இரண்டாம் ஆலிஸ் கதை முழுவதும் ஒரு சதுரங்கப் பலகை. ஆலிஸ் சிப்பாயாகத் தொடங்கி எட்டாம் கட்டத்தில் அரசியாகிறாள். குழந்தை பெரியவளாவதற்கு இதைவிடச் செம்மையான குறியீடு வேறென்ன? ஹாரி பாட்டர் முதல் நூலின் இறுதியில் மூன்று பிள்ளைகளும் ஆளுயரச் சதுரங்கத்தில் காய்களாகவே நிற்கிறார்கள். நண்பன் வெல்லவேண்டும் என்பதற்காக ரான் தன்னை வெட்டக் கொடுக்கிறான். இரண்டிலும் பிள்ளைகளே காய்களாக நிற்கிறார்கள்; ஆனால் கரோலின் பலகையில் ஒரு பிள்ளை உயர்கிறாள், ரௌலிங்கின் பலகையில் ஒரு பிள்ளை விட்டுக்கொடுக்கிறான்.

நம் ஆட்டங்களுக்கும் இத்தகைய பொருள் உண்டு. பரமபதத்தில் பாம்பு தீவினை, ஏணி நல்வினை. ஆயினும் காயை நகர்த்துவது தாயக்கட்டை. வைகுண்ட ஏகாதசி இரவில் விழித்திருந்து ஆடியவர்கள், மனிதன் முயற்சிக்கும் அப்பால் ஒன்று உண்டு என்பதைச் சிரித்துக்கொண்டே பழகினார்கள். பல்லாங்குழியில் தாயத்துக்கு இடமில்லை, கையும் கணக்கும்தான். பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழிகள். மலாய்க்காரர் ஆடும் சோங்காக்கிலும் பெரும்பாலும் பக்கத்துக்கு ஏழு. இரு முனையிலும் களஞ்சியமாக இரு ‘வீடு’ கூடுதல். தோட்டத்துப் பிள்ளைகள் புளியங்கொட்டைக்கும் சோழிக்கும் மாற்றாக ரப்பர்க் கொட்டையைப் பொறுக்கி வந்து ஆடினார்கள். குழி தமிழ், கொட்டை பிரேசிலிலிருந்து வந்த மரத்தினுடையது, எதிரே அமர்ந்து ஆடியவள் மலாய்த் தோழியாகவும் இருந்திருக்கலாம்.

இவற்றுள் நாம் இன்று சிறப்பாக நினைக்கவேண்டியது ஆடுபுலி ஆட்டம். புலிகள் மூன்று, ஆடுகள் பதினைந்து. புலி ஆட்டைத் தாண்டி வெட்டலாம். ஆட்டுக்கு வெட்டும் உரிமையே இல்லை. அப்படியிருந்தும் ஆடு வெல்ல முடியும். ஒன்றன்பின் ஒன்றாக நெருக்கி நின்று, புலி நகர இடமில்லாமல் செய்துவிட்டால் ஆட்டம் ஆட்டுக்கு. கொல்லாமலே வெல்லும் வழியை ஒரு கருங்கல் திண்ணையில் கோடாகக் கிழித்து வைத்தவர்கள் நம் முன்னோர். இதை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். மீண்டும் இதற்கு வருவோம்.

கிளியே இளவரசன்

இப்பொழுது அச்சிறுமியின் கேள்விக்கு வருவோம். கிளி என்ன குற்றம் செய்தது?

நாம் கேட்டு வளர்ந்த கிளிக்கதை இதற்கு விடை சொல்வதில்லை. அதன் நியாயம் வேறு. மந்திரவாதி தன் உயிரைக் கிளியில் வைத்தான். ஆகவே கிளி மந்திரவாதியே. கதை அதற்குமேல் எண்ணுவதில்லை. ஆனால் குழந்தை எண்ணுகிறாள். அவள் கண்ணுக்குக் கிளி கிளிதான்.

வியப்பு என்னவென்றால், இதே கேள்விக்குத்தான் ரௌலிங்கின் ஏழு நூல்களும் நடந்து நடந்து போய்ச் சேர்கின்றன. கொடியவனின் ஆன்மாத் துண்டு ஒன்று, அவனே அறியாமல், ஹாரிக்குள் தங்கிவிட்டது என்பது இறுதி நூலில் வெளிப்படுகிறது. கிளியைத் தேடிப் புறப்பட்ட இளவரசன், தானே அந்தக் கிளி என்று கண்டுகொள்கிறான். குற்றம் செய்யாதவன்; தன் விருப்பமின்றிக் கூண்டாக்கப்பட்டவன். இந்நிலையில் கதை அவனை யாரும் இழுத்துச் சென்று கொல்வதாகக் காட்டவில்லை. அவனே நடந்து செல்கிறான். அவன் சாவை ஏற்றுக்கொண்டதனால் அவனுள் இருந்த கொடியவனின் துண்டுதான் அழிகிறது, அவன் பிழைக்கிறான்.

அந்நடையில் அவன் கையில் இருப்பது என்ன என்பதையும் பாருங்கள். ஒரு விளையாட்டுப் பந்து. முதல் நூலில், வானில் துடைப்பத்தின்மேல் ஆடும் குவிடிச் ஆட்டத்தில், ஏறத்தாழ வாயாலேயே அவன் பிடித்த சிறிய பொற்பந்து. இறுதி நூலில் அது அவன் உதடு பட்டுத் திறக்கிறது. இறந்தவர்களின் நிழலை அழைக்கும் கல் அதனுள் இருக்கிறது. சிறுவயதில் விளையாடியதே, பெரியவனாகும் நாளில் துணைக்கு வருகிறது. விளையாட்டும் குறியீடும் ஒன்றாகும் இடம் இது.

ஆக, பாட்டியின் கதை ‘தேடு’ என்றது. மலாய்க் கதை ‘வெளியே இருக்கும் உயிர் உன்னுடையதாகவும் இருக்கலாம்’ என்றது. புதிய நூல் ‘கூண்டுக்கும் ஓர் உயிர் உண்டு’ என்றது. மூன்றையும் கேட்ட பிள்ளை, ஒன்றை மட்டும் கேட்ட பிள்ளையைவிடச் செல்வமுடையவள். ஆங்கில நூலை ஒளித்து வைப்பதால் தமிழ் வளராது. ஆங்கில நூல் மட்டும் போதும் என்று விட்டுவிட்டால், அப்பிள்ளை தன் வீட்டுக் கதையையே அயல்நாட்டுச் சரக்கு என்று நம்பும்.

செய்யத்தக்கவை

ஆசிரியப் பெருமக்களே! நம் வட்டாரம் மாறிவிட்டது. ஈஜோக், புக்கிட் ரோத்தான், இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தை ஆகிய பகுதிகளில் பால்மரம் நின்ற நிலங்கள் செம்பனையாயின. செம்பனை நின்ற நிலங்கள் சில வீடமைப்புப் பகுதிகளாயின. லயங்கள் கலைந்தன. சில பள்ளிகளின் பெயர்ப்பலகையில் மட்டும் தோட்டத்தின் பெயர் எஞ்சியிருக்கிறது. ஒரே லயத்தில் பத்து வீட்டுப் பிள்ளைகள் கூடிக் கதை கேட்ட திண்ணை, அடுக்குமாடி வீட்டில் இல்லை. கதை சொல்லும் மூதாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். கேட்பவர் இல்லாததால் பேசாமல் இருக்கிறார்கள்.

ஆகவே மூன்று செயல்களை முன்வைக்கிறோம். முதலாவது, ஒவ்வொரு மாணவரும் பள்ளி விடுமுறையில் தம் குடும்பத்து மூத்தவர் ஒருவரிடம் ஒரு கதையைக் கேட்டுக் கைப்பேசியில் பதிவு செய்து, அவர் பேசிய சொல் மாறாமல் எழுதி வரட்டும். ‘மங்கு’, ‘பெரட்டு’ போன்ற தோட்டத்துச் சொற்களைத் திருத்தவேண்டாம். அவை அக்கதையின் உடல். இரண்டாவது, வகுப்பறையின் ஒரு மூலையில் பல்லாங்குழியும் ஆடுபுலிக் கட்டமும் இருக்கட்டும். ஆடியபின், ‘இந்த ஆட்டம் ஒரு கதையானால் அதில் நீ யார்?’ என்று எழுதச் சொல்லுங்கள். மூன்றாவது, கதை முடிந்ததும் நீதியை நாமே சொல்லிவிடும் பழக்கத்தைச் சற்றே நிறுத்திவைப்போம். நீதியைச் சொன்னவுடன் கேள்வி நின்றுவிடுகிறது. அன்று நாமும் நீதி சொல்லி முடித்திருந்தால் அச்சிறுமி எழுந்திருக்க மாட்டாள்.

அவளைச் சில மாதங்களுக்குப் பின் மீண்டும் கண்டோம். நம் விடையை விரிவாகச் சொல்ல ஆயத்தமாகவே சென்றோம். சொல்வதற்குமுன், “நீயே இந்தக் கதையைச் சொல்லேன்” என்றோம். சொன்னாள். அவள் கதையில் இளவரசன் ஏழு கடலும் ஏழு மலையும் தாண்டிப் போனான், கூண்டைத் திறந்தான், கிளியைப் பறக்க விட்டுவிட்டான்.

“அப்படியானால் மந்திரவாதி சாகவில்லையே?” என்று கேட்டோம்.

“சாகல சார். ஆனா எந்தக் கிளியில தன் உயிர் இருக்குன்னு அவனுக்கு இனிமே தெரியாது. அதனால எந்தக் கிளியையும் அவன் தொடமாட்டான். காட்டையும் வெட்ட விடமாட்டான்.”

ஆடுகள் புலியைக் கட்டிவிட்டன. நாம் கொண்டுசென்ற விடையைச் சொல்லாமலே திரும்பினோம்.